கரோட்டிட்டுக்கு அந்தப் பக்கம்

பிட்யூட்டரி கட்டிக்கான அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு தியேட்டருக்கு வெளியே வந்தால், வாசலில் நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “முழுசா எடுத்துட்டீங்ளா டாக்டரம்மா?” தலைக்குள் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து சரியாகத் தூங்காத வீடு வேறு எதைக் கேட்கும்? நான் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மூக்குக்குள் பாதை திறப்பதும், மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் கட்டியை எடுத்து முடிக்கும்வரை எண்டோஸ்கோப்பைப் பிடித்தபடி கூட நிற்பதும், கடைசியில் பாதையை அடைப்பதும் என் வேலை. அதனால் அந்தக் கேள்விக்கு பதில் சொல்லும் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

சிலரிடம் “ஆமாம்” என்று சொல்லிவிடலாம். சிலரிடம், “நடுவில் இருந்ததை எடுத்தாச்சு, பக்கத்தில் கொஞ்சம் விட்டிருக்கோம்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டதும் முகம் வாடிவிடும். தெரிந்தே விட்டோம், விட்டது நல்லதற்குத்தான் என்பதைத் தியேட்டர் வாசலில் நின்று புரியவைப்பது கடினம். அதற்கு அந்த இடத்தின் அமைப்பையே விளக்க வேண்டும்.

பிட்யூட்டரி சுமார் அரை கிராம் எடையே உள்ள சுரப்பி. வளர்ச்சி, மாதவிடாய், தாய்ப்பால், தைராய்டின் வேலை, அட்ரினலின் வேலை எல்லாம் அதன் கட்டளையில் நடக்கின்றன. கபாலத்தின் அடித்தளத்தில், ஸ்பீனாய்டு எலும்பில் உள்ள ஒரு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. முன்புறமும் பின்புறமும் அடியிலும் எலும்பு. அடி எலும்புக்குக் கீழே ஸ்பீனாய்டு சைனஸ் என்கிற காற்றறை. அது மூக்கின் பின்கோடியில் திறக்கிறது. மூக்கு வழியாகப் பிட்யூட்டரியை எட்ட முடிவது இந்தக் காற்றறையால்தான். மேலே ஒரு சவ்வு. அதற்குச் சில மில்லிமீட்டர் உயரத்தில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் கையாஸம்.

இடமும் வலமும் எலும்பே கிடையாது. ட்யூரா என்கிற படலத்தின் மெல்லிய ஒரே ஓர் அடுக்குதான் சுவர். அதைத் தாண்டினால் கேவர்னஸ் சைனஸ்.

கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் இரு பக்கப் பார்வையும் சுருங்கும். ஆட்கள் மேல் இடித்துக்கொள்வார்கள், பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. சிலர் அப்படித்தான் கண் மருத்துவரிடம் போய் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். பக்கவாட்டில் வளரும் கட்டியோ பல ஆண்டுகள் சத்தம் காட்டாமல் இருக்கும். பிட்யூட்டரி கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளர்பவை, மென்மையானவை. நரம்புகளை நசுக்காமல் நகர்த்திக்கொண்டு இடம் பிடிக்கும். படத்தில் கேவர்னஸ் சைனஸ் முழுக்க நிறைந்திருக்கும், ஆள் இரண்டு கண்ணையும் எல்லாத் திசையிலும் உருட்டிக் காட்டுவார். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

கேவர்னஸ் சைனஸ் சுமார் 2 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள இடம். கண்ணிலிருந்தும் மூளையின் சில பகுதிகளிலிருந்தும் வரும் சிரை ரத்தம் அதில் ஓடுகிறது. அந்த ரத்தத்தின் நடுவே உட்கரோட்டிட் தமனி வளைந்து வளைந்து மேலேறி மூளைக்குப் போகிறது. கண்ணுக்குப் போகும் நரம்புகளும் இதே இடத்தைக் கடந்தாக வேண்டும். வெளிச்சுவருக்குள் பொதிந்தபடி மேலிருந்து கீழாக மூன்றாம் நரம்பு, நான்காம் நரம்பு, ஐந்தாம் நரம்பின் முதல் கிளை. ஆறாம் நரம்பு மட்டும் சுவருக்குள் இல்லை. கரோட்டிட்டின் வெளிப்பக்கத்தை ஒட்டி, ரத்தத்துக்குள்ளேயே ஓடுகிறது.

மூன்றாம் நரம்பு இமையைத் தூக்குகிறது, கண்ணை உள்ளே, மேலே, கீழே திருப்புகிறது, கண்மணியைச் சுருக்குகிறது. அது செயலிழந்தால் இமை விழுந்து கண் மூடிவிடும். விரலால் தூக்கிப் பார்த்தால் விழி கீழும் வெளியுமாகத் திரும்பி நிற்கும். நான்காம் நரம்பு கெட்டவர்கள் படி இறங்கத் தடுமாறுவார்கள். ஆறாம் நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிறது. அது போனால் தூரத்தில் இருப்பது இரண்டாகத் தெரியும். ஐந்தாம் நரம்பின் அந்தக் கிளைதான் நெற்றிக்கும் கருவிழிக்கும் உணர்ச்சி தருகிறது. நெற்றி மரத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கருவிழி மரத்துப்போனால் தூசி விழுந்தாலும் தெரியாது, புண் வந்தாலும் வலிக்காது, கண்ணே போய்விடும்.

எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர் எல்லோரும் இந்தப் படத்தை வரைந்திருப்பார்கள். தலையை முகத்துக்கு இணையாகச் சீவியதுபோல ஒரு வெட்டு. ஒரு பெட்டி, அதற்குள் தமனிக்கு ஒரு பெரிய வட்டம், நரம்புகளுக்குச் சின்ன வட்டங்கள். தேர்வில் தவறாமல் வரும் கேள்வி என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் வரைவோம். எம்.ஆர்.ஐ. பார்க்கும்போது அந்தப் படம் உதவுகிறது. தியேட்டரில் அது போதவில்லை. மூக்கு வழியாகப் போகிறவர் முன்னாலிருந்து பின்னால் போகிறார். அவருக்கு எதிரே முதலில் நிற்பது கரோட்டிட். நரம்புகள் எல்லாம் அதற்குப் பின்னாலும் அப்பாலும் மறைந்திருக்கின்றன. தாளில் வட்டங்களாக இருந்தவை நேரில் நீளமான கயிறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் ஓடுபவை. இந்தப் பார்வையைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. தானமாகக் கிடைத்த உடல்களில், தமனிக்குள் சிவப்பு சிலிக்கோனும் சிரைக்குள் நீல சிலிக்கோனும் செலுத்தி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அமெரிக்காவின் கெயின்ஸ்வில்லில் ஆல்பர்ட் ரோட்டன் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை இது. 2016இல் இறக்கும்வரை அவர் உருவாக்கிய படங்களைப் பார்க்காத மூளை அறுவை மருத்துவர் உலகில் அரிது. உடலைத் தானமாக எழுதிக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நான் மனதுக்குள் கடன்பட்டிருக்கிறேன்.

எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விசைத்தறி ஓட்டுகிறவர். நடுவயது, சர்க்கரை உண்டு. ஒரு ராத்திரி தலை பிளக்கிற வலி, வாந்தி. விடிந்து பார்த்தால் வலது இமை இறங்கிக் கிடந்தது. முதலில் பார்த்த இடத்தில், சர்க்கரையால் நரம்பு வாதம், தானாகச் சரியாகும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வலி அடங்காமல் எங்களிடம் வந்தார். “இமையைத் தூக்கிப் பிடிச்சிட்டுப் பார்த்தா பாவு நூலு ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. அறுந்தது எது, நல்லது எதுன்னே தெரியலீங்க” என்றார்.

சர்க்கரையாலும் மூன்றாம் நரம்பு செயலிழக்கும், உண்மைதான். ஆனால் கண்மணியைப் பார்க்க வேண்டும். கண்மணியைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. சர்க்கரை கெடுப்பது நரம்பின் உட்பகுதிக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களை. அதனால் இமை விழுந்தாலும் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடும். வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் மேற்பரப்பு இழைகள்தான் முதலில் அடிபடும், கண்மணி விரிந்து நிற்கும். இவருக்கு விரிந்திருந்தது. இமை விழுந்து கண்மணியும் விரிந்திருந்தால் தமனி வீக்கமாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். எதுவானாலும் அது அவசரம். டார்ச் வைத்திருக்கும் எந்த மருத்துவரும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியது இது. அந்த ஒரு நிமிடம் கிடைக்காமல் எத்தனை கண்கள் போகின்றன என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமை வருகிறது.

எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி கட்டி, அதற்குள் ரத்தக்கசிவு. மெதுவாக வளர்ந்த கட்டியோடு ஒத்துப்போய்விடும் நரம்பு, ஒரே ராத்திரியில் ரத்தம் கசிந்து கட்டி வீங்கினால் தாங்காது. அப்படிப்பட்ட வீக்கத்தில் அதிகம் அடிபடுவது மூன்றாம் நரம்பு. கூடவே சுரப்பியும் நசுங்கி, உடம்பை நிமிர்த்தி வைக்கும் கார்ட்டிசால் குறைந்துவிடும். ரத்த அழுத்தம் சரியும். கத்தியை எடுக்கும் முன்பே இவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போனது.

அடுத்த கேள்வி, கட்டி எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போயிருக்கிறது என்பது. இதை அளக்க 1993இல் வியன்னாவின் எங்கல்பர்ட் க்னோஸ்ப்பும் அவருடைய குழுவும் ஒரு முறை சொன்னார்கள். கரோட்டிட் வளைந்து ஏறுவதால், முகத்துக்கு இணையான எம்.ஆர்.ஐ. வெட்டில் ஒவ்வொரு பக்கமும் அது மேலும் கீழுமாக இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரியும். இரண்டு வட்டங்களின் உள்விளிம்பைத் தொட்டு ஒரு கோடு, மையங்களைச் சேர்த்து ஒரு கோடு, வெளிவிளிம்பைத் தொட்டு ஒரு கோடு. கட்டி முதல் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பூஜ்யம். அதைத் தாண்டி மையக் கோட்டுக்குள் நின்றால் ஒன்று, வெளிக்கோட்டுக்குள் நின்றால் இரண்டு, வெளிக்கோட்டையும் தாண்டினால் மூன்று, தமனியை முழுக்கச் சூழ்ந்துவிட்டால் நான்கு. மூன்று கோடுகளில் இவ்வளவு பயன் உள்ள அளவுகோல் எங்கள் துறையில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2015இல் அதே வியன்னாக் குழு மூன்றாம் நிலையை இரண்டாகப் பிரித்தது. தமனிக்கு மேலாகத் தாண்டினால் மூன்று ஏ, கீழாகத் தாண்டினால் மூன்று பி. எண்டோஸ்கோப் வழியே நேரில் பார்த்தபோது, மேலாகத் தாண்டியவர்களில் சுவர் உண்மையில் துளைக்கப்பட்டிருந்தது கால்வாசிப் பேருக்குச் சற்று அதிகமாக. கீழாகத் தாண்டியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு. மேலே போகிற கட்டி பல நேரம் சுவரைக் கிழிக்காமல் உப்ப வைத்துக்கொண்டு போகிறது என்று பொருள். படத்தில் மிரட்டுகிற கட்டி தியேட்டரில் முழுதாக வந்துவிடுவதும் உண்டு. நான்காம் நிலையில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, சுவர் துளைக்கப்பட்டேயிருக்கும்.

1960கள் வரை கேவர்னஸ் சைனஸுக்குள் கத்தி வைக்க அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். கனடாவின் வின்னிபெக்கில் டுவைட் பார்க்கின்சன் 1965இல் எழுதிய கட்டுரை அந்த அச்சத்தைக் குறைத்தது. மூன்றாம், நான்காம் நரம்புகளுக்குக் கீழே, ஐந்தாம் நரம்பின் முதல் கிளைக்கு மேலே, ஒரு முக்கோண இடைவெளி இருக்கிறது. அதன் வழியே கரோட்டிட்டை எட்டலாம் என்று காட்டினார். உடலைக் குளிரவைத்து இதயத்தை நிறுத்தி, அங்கே தமனிக்கும் சிரைக்கும் இடையே விழுந்திருந்த ஓட்டையை அடைத்தார். இன்றும் அந்த இடத்துக்கு பார்க்கின்சன் முக்கோணம் என்றுதான் பெயர். ஆனால் அது வெளியிலிருந்து, கபாலத்தைத் திறந்து போகிற வழி. அந்த வழியில் முதலில் எதிர்ப்படுவதே நரம்புகள். அவற்றின் இடுக்கில் கருவியை விட வேண்டும். பிட்யூட்டரி கட்டி நடுவிலிருந்து பக்கத்துக்குப் போகிறது. அதை அது போன வழியிலேயே, நடுவிலிருந்து பின்தொடர்ந்தால் நரம்புகள் கடைசியில்தான் வரும். மூக்கு வழியின் பலம் இதுதான்.

மூக்கு வழிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1907இல் இன்ஸ்ப்ரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் முதன்முதலில் இந்த வழியில் பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். அந்த நோயாளி சில மாதங்களுக்குள் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் மூளைப் பக்கம் ஏறியிருந்த பெரிய மிச்சம் தெரிந்தது. கட்டி எதுவரை போயிருக்கிறது என்று முன்கூட்டிக் காட்டும் படம் அன்று கிடையாது. பிறகு ஹார்வி குஷிங், ஆஸ்கர் ஹிர்ஷ், பாரிஸில் ஜெரார் கியோ, மான்ட்ரியலில் மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்த ஜூல் ஹார்டி என்று கைமாறி, 1990களில் பிட்ஸ்பர்க்கில் ஜோவும் காராவும் எண்டோஸ்கோப்பைக் கொண்டு செய்யத் தொடங்கினார்கள். மைக்ரோஸ்கோப் நேர்க்கோட்டில் மட்டும் பார்க்கும். நுனி சாய்கோணத்தில் அமைந்த எண்டோஸ்கோப்பை வைத்துக்கொண்டால் மூலைக்கு அப்பாலும் தெரியும். பக்கவாட்டுக் கட்டிக்கு அந்தச் சாய்ந்த பார்வை பெரிய வரம்.

விசைத்தறிக்காரருக்கு அப்படித்தான் செய்தோம். முதலில் மூக்கின் நடுச்சுவரிலிருந்து, அதன் ரத்தக் குழாயை விடாமல், சளிப்படலத்தின் ஒரு பட்டையை உரித்துத் தொண்டைப் பக்கம் ஒதுக்கி வைத்தேன். கடைசியில் திறப்பை மூடி, மூளை நீர் மூக்கில் ஒழுகாமல் தடுப்பது அதுதான். அர்ஜென்டினாவின் ஹதாதும் பஸ்ஸகாஸ்தேகியும் கண்டுபிடித்து, 2006இல் உலகம் முழுக்கப் பரவிய உத்தி. பிறகு ஸ்பீனாய்டைத் திறந்தோம். அதன் பின்சுவரில் நடுவே பிட்யூட்டரி குழியின் மேடு, இரு பக்கமும் கரோட்டிட் மேடுகள். கரோட்டிட்டை மூடியிருக்கும் எலும்பு பெரும்பாலோருக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சிலருக்கு ஓரிடத்தில் எலும்பே இல்லாமல் படலம் மட்டும் இருக்கும். அதனால் படலத்தைக் கீறும் முன் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்கிறோம். உஸ் உஸ் என்று தமனியின் சத்தம் வந்தால் அங்கே கத்தி போகாது. தமனி கிழிந்தால் என்ன செய்வது என்று முன்னேற்பாடும் உண்டு: தொடையிலிருந்து சதைத் துண்டு எடுத்து நசுக்கி வைத்து அழுத்துவது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வோர்மால்டின் குழு ஆடுகளில் செய்து பார்த்து, பயன்படும் என்று நிறுவிய முறை.

அவருடைய கட்டி இளநீர் வழுக்கைபோல இருந்தது. வளைந்த சின்னக் கருவியால் வழித்தால் வந்தது, பழைய ரத்தத்தோடு. நடுப்பகுதி காலியானதும் வலப்பக்கச் சுவரில், கரோட்டிட்டின் மேலே, கட்டி உள்ளே போன வாய் தெரிந்தது.

இங்கே 2018இல் வெளியான ஓர் ஆய்வு எங்களுக்கு வரைபடமாக நிற்கிறது. பிட்ஸ்பர்க்கில் ஃபெர்னாண்டஸ்-மிராண்டாவின் குழு, மூக்கு வழியாகப் பார்க்கும்போது கரோட்டிட்டை மையமாக வைத்து கேவர்னஸ் சைனஸை நான்கு அறைகளாகப் பிரித்தது: மேல், பின், கீழ், வெளி. மேலறையில் கவனிக்க வேண்டியது மூன்றாம் நரம்பு. அது கூரையையும் வெளிச்சுவரையும் ஒட்டி வருகிறது. பின்னறையில் ஆறாம் நரம்பு நுழைகிறது. கீழறையில் அதே ஆறாம் நரம்பின் முன்பகுதி, கூடவே தமனியைச் சுற்றிய தானியங்கு நரம்பிழைகள். வெளியறையில் எல்லா நரம்புகளும். கட்டி எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த நரம்புக்கு ஆபத்து என்று தெரியும். ரத்தத்துக்குள் தனியாக ஓடும் ஆறாம் நரம்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மற்றவற்றுக்குச் சுவரின் காப்பாவது இருக்கிறது.

மேலறையில் இருந்ததை மெதுவாக உறிஞ்சி எடுத்தார் எங்கள் நரம்பியல் அறுவை மருத்துவர். கட்டி இருக்கும்வரை அது சிரைகளை அழுத்தி அடைத்திருக்கும், ரத்தம் அதிகம் வராது. கட்டி விலகிய கணத்தில் சிரை ரத்தம் பொங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ரத்தம் உறையவைக்கும் பொருளை வைத்து மெல்ல அழுத்தினால் நிற்கும். அது நின்ற பிறகு சாய்ந்த எண்டோஸ்கோப்பில், தமனிக்கு வெளிப்பக்கம், வெளியறையில் ஒரு சிறு துண்டு கட்டி தெரிந்தது. கருவியை நீட்டினால் எட்டும். எட்டும் என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. நடுப்பகுதியிலும் மேலறையிலும் இருந்ததை எடுத்ததும் மூன்றாம் நரம்பின் மேலிருந்த அழுத்தம் போய்விட்டது. மிச்சத்தை எடுக்கப் போனால் ஆறாம் நரம்பைத் தொட வேண்டியிருக்கும். அங்கேயே நிறுத்தினோம். எனக்கு அந்த முடிவில் அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே முடிவு கிடையாது. இவருடையது ஹார்மோன் சுரக்காத கட்டி. மிச்சம் சும்மா கிடந்தால் தீங்கில்லை. புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் அறுவையே வேண்டாம். கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும், கேவர்னஸ் சைனஸுக்குள் போன பகுதி உட்பட. வளர்ச்சி ஹார்மோனையோ, கார்ட்டிசாலைத் தூண்டும் ஹார்மோனையோ சுரக்கும் கட்டிகளில் கதை வேறு. அங்கே துளி மிச்சமும் சுரந்துகொண்டே இருக்கும். இதயம், எலும்பு, சர்க்கரை எல்லாம் கெடும். அந்த நோயாளிகளுக்கு கேவர்னஸ் சைனஸின் உட்சுவரையே உரித்து எடுப்பதுவரை சில மையங்கள் போகின்றன. கை தேர்ந்த குழுவிடம் மட்டும் அது நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படிப்பட்ட அறுவைக்கு ஆள் தேடும்போது, மருத்துவரின் பதவியைவிட, அவருடைய குழு இதை அடிக்கடி செய்கிறதா என்று விசாரியுங்கள்.

மிச்சம் வளர்ந்தால் குறிவைத்த கதிர்வீச்சு இருக்கிறது. கேவர்னஸ் சைனஸ் நரம்புகள் கதிர்வீச்சை ஓரளவு தாங்கும். பார்வை நரம்புதான் தாங்காது. கையாஸத்துக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி ஏற்படுத்திக் கொடுத்துவிட்டால், பக்கவாட்டு மிச்சத்தைப் பின்னால் கதிரால் கட்டுப்படுத்தலாம். அறுவையில் கட்டியின் மேற்பகுதியை முழுக்க இறக்கிவிடுவதில் நாங்கள் அவ்வளவு பிடிவாதம் காட்டுவது இதற்காகவும்தான்.

தறிக்காரரின் இமை சில வாரங்களில் ஏறத் தொடங்கியது. இரட்டைப் பார்வை போகச் சில மாதங்கள் ஆயின. “முழுசா எடுக்கலீங்களாமே” என்று அவர் மனைவி அன்று தியேட்டர் வாசலில் கலங்கியது நினைவிருக்கிறது. பிறகு ஒரு நாள் புறநோயாளிப் பிரிவில் படத்தை வெளிச்சத்தில் வைத்து, இது தமனி, இது நரம்பு போகிற இடம், விட்டது இந்தத் துணுக்கு என்று விரலால் காட்டினேன். “அப்ப அதைத் தொடாம விட்டதுதானுங் நல்லது” என்றார் அந்த அம்மா. அவருக்குப் புரிந்ததைவிடத் தெளிவாக என் மாணவர்களுக்குப் புரியவைக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

அறுவைக்குப் பிறகு சுமார் மூன்று மாதத்தில் ஓர் எம்.ஆர்.ஐ. எடுப்போம், அதற்கு முன் எடுத்தால் ரத்தக்கட்டும் வீக்கமும் கட்டிபோலத் தெரிந்து குழப்பும். பின்னர் ஆண்டுக்கொரு முறை, நிலைத்துவிட்டால் இடைவெளியை நீட்டலாம். ஹார்மோன் பரிசோதனையும் கண் பரிசோதனையும் கூடவே நடக்க வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்த மூன்றாம் மாதப் படத்தின் சி.டி.யை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். விட்ட துணுக்கு அதே அளவில் கிடக்கிறதா, வளர்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.